காண்டால்ஃப் யார் என்று நீங்களே கண்டுபிடிப்பது எப்படி

மே மாத லீவுக்கு அக்கா மகன் வந்திருந்தான். ஒன்பதாவது முடித்தவன். படங்கள் மூன்றையும் பார்த்துவிட்டு, என் அலமாரியில் இருந்த டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' தலையணைப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தான். ஆனால் திறக்கவில்லை. அதில் வரும் கிழட்டு மந்திரவாதிதான் காண்டால்ஃப்.

"படிக்கலையாடா?"

"எதுக்கு சித்தி? காண்டால்ஃப் ஒரு மையா. ஏஞ்சல் மாதிரி. நெட்லயே போட்டிருக்கான்."

"மையான்னா?"

"அதான், ஏஞ்சல் மாதிரி."

"ஏஞ்சல்னா சாருமான்ங்கிற இன்னொரு மந்திரவாதி எப்படி அவரைக் கோபுரத்து உச்சியில அடைச்சு வெச்சான்? மோரியாச் சுரங்கத்துல எத்தனை ஓர்க் அரக்கனுங்க துரத்தினாலும் சரி, கொஞ்சம் உட்கார்ந்தே ஆகணும்னு ஏன் சொல்றார்?"

பதில் இல்லை. ஒரு பெயர்ச்சீட்டை ஒட்டிவிட்டு, டப்பாவைத் திறக்காமலே உள்ளே இருப்பது தெரியும் என்கிற கதைதான். அன்று சாயங்காலமே அவனுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டும் பென்சிலும் கொடுத்தேன். அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். நான் பேராசிரியை இல்லை. இருபத்திரண்டு வருஷமாக அச்சகங்களுக்கு மெய்ப்புத் திருத்துகிறவள். எழுத்தாளர் எந்தத் தேதியில் எதை மாற்றினார், ஒரு பெயர் எந்தப் பக்கத்தில் முதலில் வருகிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அந்தக் கண்ணோடு பார்த்தால் டோல்கீனின் மந்திரவாதிகள் நன்றாகவே பிடிபடுவார்கள். கதையை உடைக்காமல் இதைச் சொல்ல வழியில்லை. படிக்காதவர்கள் தயவுசெய்து இங்கேயே நின்றுகொள்ளவும்.

முதலில் சாமான்கள். பிற்சேர்க்கைகள் முழுதாக உள்ள பதிப்பு வேண்டும். மூன்று தொகுதியாக இருந்தாலும் ஒரே தொகுதியாக இருந்தாலும் கதை ஆறு 'புத்தகங்களாக'ப் பிரிந்திருக்கும். நான் 3ஆம் புத்தகம், 5ஆம் அத்தியாயம் என்று சொன்னால் அந்தக் கணக்குத்தான். பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும், அத்தியாயம் மாறாது. 'தி சில்மரிலியன்' கையில் இருந்தால் அதை அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிடுங்கள். விடை அங்கேதான் இருக்கிறது, அதனால்தான் சொல்கிறேன். முதலிலேயே விடைத்தாளைப் பார்த்த பையனின் கதி என்ன என்று மேலே பார்த்தீர்கள்.

நோட்டில் நெடுக்காகக் கோடு போட்டு மூன்று பத்தி பிரியுங்கள். முதல் பத்தியில் காண்டால்ஃப் செய்தது. இரண்டாவதில் அவரைப் பற்றி யார் என்ன சொன்னார்கள் என்பது. மூன்றாவது கொஞ்சம் வினோதமானது: செய்ய முடிந்தும் அவர் செய்யாமல் விட்டது. பெரும்பாலானவர்கள் முதல் பத்தியை மட்டும் நிரப்பிக்கொண்டு போவார்கள். பட்டாசு, மின்னல், வெளிச்சம் எல்லாம் அதில் சேரும். ஆளின் அடையாளம் மூன்றாவது பத்தியில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

சொல் விஷயம் ஒன்று. 'விசார்ட்' என்று வரும்போதெல்லாம் மனசுக்குள் 'மந்திரவாதி' என்று மாற்றிக்கொள்ளாதீர்கள். அந்தச் சொல்லோடு எலுமிச்சம்பழமும் வேப்பிலையும் சேர்ந்து வந்துவிடும். ஆங்கிலச் சொல்லே 'அறிவுள்ள' என்ற பொருளுள்ள வேரிலிருந்துதான் வந்தது. டோல்கீன் எல்ஃபுகளின் மொழியில் இவர்களுக்கு வைத்த பெயர் 'இஸ்தாரி'. அதற்கும் அறிதல்தான் வேர். தொல்காப்பியம் முக்காலமும் உணர்ந்தவரை 'அறிவன்' என்கிறது. நான் 'அறிவர்' என்று வைத்துக்கொண்டேன், சரியாக உட்கார்ந்தது.

இனி எங்கெங்கே நிற்க வேண்டும் என்று சொல்கிறேன்.

1ஆம் புத்தகம், 2ஆம் அத்தியாயம். ஃப்ரோடோ என்ற ஹாபிட் (குட்டையான ஒரு மனித இனம்), தீயவன் சௌரான் செய்த மோதிரத்தை நீட்டுகிறான், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்கிறான். காண்டால்ஃப் எழுந்து நின்று மறுக்கிறார், ஆசை காட்டாதே என்கிறார். வெறும் கிழவர் என்றால் இத்தனை பயம் எதற்கு? தனக்குள் ஏற்கெனவே ஏதோ பெரிதாக இருக்கிறது, அதோடு இதுவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவரின் பயம் அது. மூன்றாவது பத்தியில் முதல் வரி விழுந்துவிட்டதா?

2ஆம் புத்தகம், 3ஆம் அத்தியாயம். காரத்ராஸ் மலையில் பனி. குளிரில் எல்லோரும் விறைத்துப்போன பிறகுதான் அவர் கோலால் விறகைப் பற்றவைக்கிறார். உடனே, நான் இங்கே இருக்கிறேன் என்று ரிவெண்டெல் முதல் ஆண்டுயின் ஆற்று முகத்துவாரம் வரை எல்லோரும் படிக்கும்படி எழுதிவிட்டேன் என்று நொந்துகொள்கிறார். அவர் ஒளிந்து திரிகிற ஆள் என்று இங்கே தெரிகிறது. சக்தி குறைவு என்பதால் அல்ல, காட்டினால் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அடக்கி வைத்திருக்கிறார்.

அடுத்து 5ஆம் அத்தியாயம், மோரியாப் பாலம். படத்தில் பார்த்துப் பார்த்து நமக்கு வசனம் மட்டும்தான் மனதில் நிற்கும். வசனத்தின் உள்ளே போங்கள். அவர் தன் பெயரைச் சொல்வதில்லை. தான் எந்த நெருப்புக்குப் பணி செய்பவன் என்று சொல்கிறார். எதிரில் நிற்கும் பால்ராக் என்ற நெருப்புப் பூதம் எந்த நெருப்பிலிருந்து வந்தது என்றும் சொல்கிறார். புத்தகம் முழுக்க வேறு யாரிடமும் அவர் இப்படித் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டதில்லை. ஏன் இதனிடம் மட்டும்? நோட்டில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு நகருங்கள்.

3ஆம் புத்தகம், 4ஆம் அத்தியாயத்தில் ட்ரீபியர்ட் பேசுவதைப் பலர் தாண்டிப் போவார்கள், மர ஆள் அவ்வளவு பேசுவார். ஆனால் அங்கே ஒரு சாட்சியம் கிடைக்கிறது: கடல் கடந்து பெரிய கப்பல்கள் வந்த பிறகுதான் இந்த அறிவர்கள் முதலில் தென்பட்டார்கள், கப்பலோடு வந்தார்களா என்பது தெரியாது. காட்டிலேயே மிகப் பழைய ஆளுக்கும் இவர்கள் பிற்பாடு வந்தவர்கள்! இரண்டாவது பத்தியில் தடித்த எழுத்தில் எழுத வேண்டிய வரி.

அடுத்த அத்தியாயத்தில் காண்டால்ஃப் வெள்ளையாகத் திரும்பி வருகிறார். வேலை முடியும்வரை கொஞ்ச காலத்துக்குத் தன்னைத் திருப்பி அனுப்பினார்கள் என்கிறார். அந்த வினையைப் பாருங்கள். 'திரும்பி வந்தேன்' இல்லை, 'அனுப்பப்பட்டேன்'. யார் அனுப்பினார்கள் என்று வாக்கியத்தில் கிடையாது. என் மேசைக்கு இப்படி ஒரு வாக்கியம் வந்தால் 'எழுவாய் எங்கே?' என்று ஓரத்தில் எழுதி ஆசிரியருக்குத் திருப்பி அனுப்பியிருப்பேன். இங்கே எழுவாய் விட்டுப்போகவில்லை, வேண்டுமென்றே மறைத்திருக்கிறார்கள்.

மொத்தம் எத்தனை அறிவர்கள்? கதைக்குள் தேடினால் மூன்று பேர்தான் கிடைப்பார்கள்: காண்டால்ஃப், சாருமான், பறவைகளோடு பழகும் ராடகாஸ்ட். ஐந்து என்ற எண், சாருமான் கோபத்தில் கத்தும்போது, ஐந்து அறிவர்களின் கோல்களையும் நீ கேட்பாய் போலிருக்கிறதே என்று வாய் தவறி விழுகிறது (3ஆம் புத்தகம், 10ஆம் அத்தியாயம்). எவ்வளவு பெரிய தகவல், எவ்வளவு அலட்சியமாகப் போட்டிருக்கிறார்! அதே அத்தியாயத்தில் மூன்றாவது பத்திக்கும் ஒன்று உண்டு. சாருமானைக் காண்டால்ஃப் கொல்லவில்லை. வெளியே வா, போக விடுகிறேன் என்றுதான் முதலில் சொல்கிறார்.

4ஆம் புத்தகம், 5ஆம் அத்தியாயத்தில் ஃபராமிர் என்ற படைத்தலைவன், காண்டால்ஃப் தன் பெயர்களைப் பட்டியலிட்டதை நினைவுகூர்கிறான். எல்ஃபுகளிடம் மித்ராண்டிர், குள்ளர்களிடம் தார்கூன், வடக்கே காண்டால்ஃப், இப்படிப் போகும் வரிசையில் ஒன்று மட்டும் காலத்தையும் சேர்த்துச் சொல்கிறது: மறந்துபோன மேற்கில், என் இளமையில், ஓலோரின். இதை வட்டம் போட்டு வையுங்கள். சாவி அதுதான், பூட்டு வேறு புத்தகத்தில் இருக்கிறது.

பிறகு 5ஆம் புத்தகம், 1ஆம் அத்தியாயம். இரண்டு இடம். கோண்டோர் நாட்டை அரசனுக்குப் பதிலாக ஆளும் காரியஸ்தன் டெனெதோரிடம் காண்டால்ஃப், நானும் ஒரு காரியஸ்தன்தான், உனக்குத் தெரியாதா என்கிறார். காரியஸ்தன் என்றால் சொத்து தன்னுடையது இல்லை, பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மட்டும் தன்னுடையது என்று பொருள். இன்னொன்று பிப்பின் என்ற இளம் ஹாபிட்டினுடையது. பக்கத்தில் நிற்கும் அந்தக் கவலை படிந்த முகத்துக்கு அடியில் ஒரு ராஜ்ஜியத்தையே சிரிக்கவைக்கும் மகிழ்ச்சி ஊற்றாகக் கிடப்பதைப் பார்த்து, இவர் யார், எந்தக் காலத்தில் எந்த இடத்தில் உலகத்துக்கு வந்தார், எப்போது போவார் என்று யோசிக்கிறான். நீங்கள் நோட்டு போட்டுத் தேடுகிற அதே கேள்வி, அந்தச் சின்னப் பையனின் மண்டைக்குள்ளும் ஓடுகிறது. நான் முதல் தடவை படித்தபோது ரயிலில் இருந்தேன். இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று அப்போது தெரியவில்லை.

6ஆம் புத்தகம், 7ஆம் அத்தியாயம்: ஹாபிட்டுகளின் ஊரில் ஏதோ வில்லங்கம் என்று தெரிந்தும் அவர் கூடப் போவதில்லை. உங்கள் ஊர் விவகாரத்தை நீங்களே தீருங்கள் என்று குதிரையைத் திருப்பிக்கொள்கிறார். மூன்றாவது பத்தியின் கடைசி வரி. அடுத்த அத்தியாயத்தில் சாருமானின் சாவு வரும். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. உடம்புக்கு என்ன ஆகிறது, அதிலிருந்து என்ன எழும்புகிறது, அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை மட்டும் மெதுவாகப் படியுங்கள்.

கதை முடிந்ததா, இப்போது பிற்சேர்க்கை 'பி'. வருஷவாரிப் பட்டியல். மூன்றாம் யுகத்தின் தலைப்பில் ஒரு பத்தி இருக்கிறது. ஏறக்குறைய 1000ஆம் ஆண்டில் இஸ்தாரி வந்தார்கள். தூர மேற்கிலிருந்து தூதர்களாக அனுப்பப்பட்டவர்கள் என்று பிற்காலத்தில் சொன்னார்கள். சௌரானை எதிர்க்கும் மனமுள்ளவர்களை ஒன்றுசேர்ப்பது அவர்கள் வேலை. ஆனால் அவனது வலிமைக்கு எதிராக வலிமையை நிறுத்தக் கூடாது, எல்ஃபுகளையும் மனிதர்களையும் பலத்தாலோ பயத்தாலோ அடக்கி ஆளக் கூடாது என்று தடை. இப்போது உங்கள் மூன்றாவது பத்தியை எடுத்து இதன் பக்கத்தில் வையுங்கள். மோதிரத்தை வாங்காதது, சாருமானைக் கொல்லாதது, ஹாபிட்டுகளோடு போகாதது எல்லாம் அந்தத் தடை என்ற ஒற்றை நூலில் கோத்த மணி. குணம் என்று நினைத்தது கட்டளையாகவும் இருந்திருக்கிறது. கட்டளையை மீறியவன் ஒருவன் என்ன ஆனான் என்பதும் உங்கள் நோட்டிலேயே இருக்கிறது.

அதே பட்டியலில் 3019ஆம் ஆண்டைப் பாருங்கள். ஜனவரி 15, பாலத்தில் விழுகிறார். 25, பால்ராகைக் கீழே தள்ளிவிட்டுத் தானும் காலமாகிறார், உடல் மலை உச்சியில் கிடக்கிறது. பிப்ரவரி 14, உயிரோடு திரும்புகிறார். மயக்கம் இல்லை, காயம் இல்லை, சாவு என்றே போட்டிருக்கிறது. இடையில் இருபது நாள் என்று நான் பெருமையாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். தப்பு. அந்தத் தேதிகள் ஹாபிட்டுகளின் நாள்காட்டிப்படி. அதில் மாதத்துக்கு முப்பதே நாள், பத்தொன்பதுதான் வரும். மெய்ப்புத் திருத்துகிறவளுக்கு வந்த சோதனை.

இனி மேல் தட்டுப் புத்தகத்தை இறக்கலாம். டோல்கீன் இறந்த பிறகு அவர் மகன் கிறிஸ்டோஃபர் தொகுத்து 1977இல் வெளியிட்ட 'தி சில்மரிலியன்'. முழுக்கப் படிக்க வேண்டாம், 'வாலகுவென்டா' என்ற சிறு பகுதி போதும். உலகம் உண்டாகும் முன்பே படைக்கப்பட்ட ஆவிகள் உண்டு. அவற்றில் பெரியவர்கள் வாலார், அவர்களுக்குத் துணையானவர்கள் மையார். ஒருமையில் மையா. அந்த மையார்களில் எல்லோரிலும் அறிவு மிக்கவர் ஓலோரின். நியென்னா என்ற துக்க தேவதையிடம் இரக்கமும் பொறுமையும் கற்றவர். சாவி திரும்பிவிட்டது. அப்படியே கொஞ்சம் கீழே போங்கள். பால்ராகுகளும் மையார்தான், கெட்டுப்போனவை. பாலத்தில் போட்ட கேள்விக்குறிக்கு இதுதான் பதில்: ஒரே சாதிசனத்தைச் சேர்ந்த இரண்டு பேர் வேறு வேறு உடுப்பில் எதிரெதிரே நின்றிருக்கிறார்கள். சௌரானும் மையாவே.

ஆக அக்கா மகன் சொன்னது சரிதான். ஆனால் அது பாதி. மீதிக்கு 'அன்ஃபினிஷ்டு டேல்ஸ்' என்ற 1980 தொகுப்பில் இஸ்தாரி பற்றிய கட்டுரை வேண்டும். இவர்களுக்குக் கொடுத்த உடம்பு நாடக வேஷம் இல்லை, நிஜ உடம்பு என்று அது சொல்கிறது. பசிக்கும், வலிக்கும், பயப்படும், கொன்றால் சாகும். வந்த இடத்தின் நினைவுகூட மங்கித்தான் இருக்கும். ஆட்களைத் தேர்ந்தெடுத்த கூட்டத்தைப் பற்றியும் ஒரு குறிப்பு உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. வாலார்களின் தலைவர் மான்வே ஓலோரினைப் போகச் சொல்கிறார். எனக்கு வலு போதாது, சௌரானைக் கண்டால் பயம் என்கிறார் ஓலோரின். அப்படியென்றால் நீ போகத்தான் வேண்டும் என்கிறார் மான்வே. மூன்றாவது ஆளாகவா என்று பேச்சு வரும்போது, மூன்றாவதாக இல்லை என்று அவர் துணைவி வார்தா சொல்கிறாள். சாருமானாகப் போகவிருந்தவன் அதை மனதில் வைத்துக்கொள்கிறான். அவ்வளவுதான், ஒரு வரி. அதிலிருந்து இரண்டாயிரம் வருஷப் பொறாமை. இந்தச் சாருமானும் சௌரானும் ஆதியில் ஔலே என்ற ஒரே கைவினைத் தலைவனின் கீழ் இருந்தவர்கள் என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. இந்தக் கட்டுரை 1954 வாக்கில் எழுதியது, அதாவது கதையை எழுதி முடித்த பிறகு. 1937இல் இதற்கு முந்தைய கதையான 'தி ஹாபிட்' வந்தபோது காண்டால்ஃப் யார் என்று ஆசிரியருக்கே இப்படித் தெரியாது. ஆரம்பக் கையெழுத்துப் படியில் காண்டால்ஃப் என்பது குள்ளர் தலைவனின் பெயர். மந்திரவாதிக்கு பிளாடோர்தின் என்று வேறு பெயர். காண்டால்ஃப் என்ற பெயர் பழைய நார்ஸ் பாட்டு ஒன்றில் வரும் குள்ளர் பெயர்ப் பட்டியலிலிருந்து எடுத்தது. கோல், எல்ஃப் என்ற இரண்டு சொல் அதற்குள் இருக்கின்றன. முதல் பதிப்பில் அந்தக் கதையின் நாயகன் பில்போவின் வாசலில் வந்து நிற்பவர் 'குட்டைக் கிழவர்'. 1966 திருத்தப் பதிப்பில் 'குட்டை' போய், கையில் ஒரு கோல் வந்துவிட்டது. ஒரே ஒரு அடைமொழியை அடித்திருக்கிறார். முப்பது வருஷத்தில் அந்த ஆள் எவ்வளவு வளர்ந்துவிட்டார் என்பதற்கு எனக்கு அந்த அடித்தல் போதும். ஆகவே 'ஹாபிட்'டில் துப்புத் தேடாதீர்கள். அங்கே கிடைப்பதெல்லாம் தற்செயல்.

கடிதங்களில் இரண்டு போதும். 1946 டிசம்பரில் பதிப்பாளருக்கு எழுதியதில், ஒரு ஓவியர் காண்டால்ஃபைக் கோமாளியாக வரைந்துவிட்டார், நான் நினைப்பது நார்ஸ் கடவுள் ஓடின் மாதிரி அலைந்து திரிகிறவரை என்று குறைபடுகிறார். 1954 நவம்பரில் பாதிரியார் நண்பர் ராபர்ட் முர்ரேக்கு எழுதியதில், காண்டால்ஃப் நிஜமாகவே செத்தார் என்றும், அவரை உடம்பெடுத்த தேவதூதர் என்று சொல்லலாம் என்றும் எழுதுகிறார். ஆனால் 'தூதர்' என்ற மூல கிரேக்கப் பொருளில். திருப்பி அனுப்பியது வாலார் அல்ல, அவர்களுக்கும் மேலே ஒருவர் என்பதும் அங்கே வருகிறது. காணாமல் போன எழுவாய்!

கடைசி இருவர், நீல அங்கிக்காரர்கள், கிழக்கே போய்த் திரும்பவே இல்லை. இவர்களைப் பற்றி முடிவு எழுதாதீர்கள். 1958 கடிதம் ஒன்றில் தோற்றுப்போய் ரகசிய வழிபாடுகளை ஆரம்பித்திருப்பார்கள் என்கிறார். பிற்காலக் குறிப்பில் இரண்டாம் யுகத்திலேயே வந்து நல்ல காரியம் செய்தார்கள் என்கிறார். இரண்டும் அவர் கையெழுத்துத்தான். தேதியைப் போட்டு இரண்டையும் அப்படியே வைத்துவிடுங்கள்.

வேறு கதை மந்திரவாதிகளிடம் இதே நோட்டை எடுத்துப்போனால் எல்லா இடத்திலும் செல்லாது. ஆர்தர் ராஜா கதைகளின் மெர்லின் மனிதப் பெண்ணுக்கும் ஆவிக்கும் பிறந்தவன் என்பது பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்தே வெளிப்படை. லெ குவினின் எர்த்சீ கதைகளில் வரும் கெட், கோன்ட் தீவின் கொல்லன் மகன், பள்ளியில் படித்து வந்தவன். பிறந்தவனா, படித்தவனா, அனுப்பப்பட்டவனா என்று முதலில் கேளுங்கள். அனுப்பப்பட்டவன் என்றால் மட்டும் மூன்றாவது பத்தி நிறையும்.

பையன் ஜூன் முதல் வாரம் ஊருக்குத் திரும்பினான். நோட்டைக் கையோடு கொண்டுபோனான். போன ஞாயிறு இரவு பத்தரைக்கு போன்.

"சித்தி, தூங்கிட்டீங்களா?"

"இல்ல, சொல்லு."

"சாருமான் செத்ததும் புகை மாதிரி ஒண்ணு எழும்புதுல்ல? அது மேற்கப் பாத்துட்டு நிக்குது."

"ஆமா."

"அப்ப ஒரு குளிர்காத்து அடிக்குது. அந்தக் காத்தும் மேற்கேர்ந்துதானே வருது?"

"நீ என்ன நினைக்கிற?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பென்சில் கீறும் சத்தம் மட்டும் கேட்டது.

"இத எந்தப் பத்தியில எழுதறது சித்தி?"